பங்குனி ஆமைக்குப் பிரசவம் பார்க்கும் பிள்ளைகள்

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். என் மாமியாரும் அந்தக் கட்சிதான். கொலுவில் வைக்கக்கூட ஆமை பொம்மையைச் சேர்க்க மாட்டார். ஆனால் சென்னைக் கடற்கரையை ஒட்டி இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் எனக்கு, இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆமை நம் வீட்டில் புகவில்லை, சகோதரிகளே! காலங்காலமாக அது பிரசவத்துக்கு வந்து போகும் தாய் வீட்டில் நாம்தான் புகுந்து, விடிய விடிய விளக்கைப் போட்டுக் குப்பையையும் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த ஊரிலேயே, அந்த வாயில்லாப் பிராணிக்காகத் தூக்கத்தை விட்டு இரவெல்லாம் மணலில் நடக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கல்லூரி மாணவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியைகள், ஏன், என்னைப் போன்ற இல்லத்தரசிகளும் அதில் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிறந்த வீடு தேடி வரும் தாய்

ஆங்கிலத்தில் 'ஆலிவ் ரிட்லி' என்று சொல்லும் கடல் ஆமைக்கு நம் பக்கத்தில் எவ்வளவு அழகான பெயர் தெரியுமா? பங்குனி ஆமை! மார்கழி, தை மாதங்களில் கரைக்கு வரத் தொடங்கி, பங்குனி வரையில் வந்து முட்டையிடும். இரண்டடிக்குச் சற்றுக் கூடுதலான ஓடு, முப்பத்தைந்து நாற்பது கிலோ எடை. வாழ்வதெல்லாம் கடலில்தான். ஆனால் முட்டையிட மட்டும் பெண் ஆமை மணலுக்கு வந்தே ஆக வேண்டும். அதுவும் எந்தக் கரையோரம் பிறந்ததோ அந்தப் பக்கத்துக்கே, பருவம் வந்ததும், ஏறக்குறைய பதினைந்து வருஷம் கழித்துத் தேடி வருகிறது. நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வருவது போலத்தான்!

இரவில் அலை தள்ளிய இடத்திலிருந்து மெல்ல ஊர்ந்து மேட்டு மணலுக்கு வரும். பின்னங் கால்களாலேயே ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போலக் குழி தோண்டும். வாய் குறுகி, அடி அகன்ற குழி. அதில் நூறு, நூற்றிருபது முட்டைகள் இடும். பிறகு மணலைத் தள்ளி மூடி, தன் உடம்பாலேயே 'தொம் தொம்' என்று தட்டிக் கெட்டிப்படுத்தும். இத்தனைக்கும் ஒரு மணி நேரம் போல ஆகும். அப்போது அதன் கண்ணில் நீர் வடிவதைப் பார்த்தவர்கள் "பிரசவ வேதனை, பாவம்" என்பார்கள். விஷயம் என்னவென்றால், கடல் நீரோடு உள்ளே போன உப்பை வெளியேற்ற அதன் கண்ணருகே ஒரு சுரப்பி இருக்கிறது. அந்த உப்பு நீர்தான் அது. இருந்தாலும் பார்க்கிற பெண் மனசு கேட்குமா?

என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "முட்டையிட்டவ திரும்பி வந்து பார்க்க மாட்டாளா?" என்று கேட்டார். மாட்டாள். மூடிவிட்டுக் கடலுக்குள் போனால் போனதுதான். நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாட்கள் வரை அந்த முட்டைகளுக்குக் காவல் மணல்தான். சூரியன் தரும் சூட்டில் தானே பொரிய வேண்டும். இதில் இன்னொரு அதிசயம், மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும். குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள். வெயில் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் இதுவும் ஒரு கவலைதான். அதனால் கோடையில் முட்டைகளுக்கு மேலே நிழல் வலை கட்டும் பொரிப்பகங்களும் இருக்கின்றன.

பாம்புப் பண்ணையில் தொடங்கிய நடை

ஒரு காலத்தில் இந்த முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்பார்கள். மிச்சத்தை நாயும் நரியும் தின்னும். 1970-களின் தொடக்கத்தில், சென்னையில் பாம்புப் பண்ணையை ஏற்படுத்திய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்த இளைஞர்களும்தான் இதைக் கவனித்தார்கள். இரவில் கரையோரம் நடந்து, முட்டை விற்பவர்கள் கைக்குப் போகும் முன் எடுத்து, வேலி போட்ட இடத்தில் புதைத்துப் பொரிக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், படிப்பை விட்டுவிட்டு ஆமைகளுக்குப் பின்னால் போய்விட்டார். இந்தியாவின் கடற்கரைகளில் எங்கெங்கே ஆமை முட்டையிடுகிறது என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே நடந்து கணக்கெடுத்தவர். 2023-ல் காலமானார்.

அவரைப் பற்றி ஒரு செய்தி சொன்னால் உங்களுக்கு மறக்காது. 1982-ல் லட்சத்தீவில் ஆள் இல்லாத ஒரு தீவில், மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாக இருந்து ஆமைகளைக் கவனித்தார். அந்த மாதங்களில் படகு வராது. கடிதம் போட வழி கிடையாது. சென்னையில் இருந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, பாட்டிலில் போட்டு மூடிக் கடலில் விட்டார். அது மிதந்து மிதந்து இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனுஷர் அதைத் தபாலில் மனைவிக்கே அனுப்பி வைத்தார்! புருஷன் உயிரோடு இருக்கிறாரா, சாப்பிட்டாரா என்று தெரியாமல் காத்திருந்த அந்தப் பெண்மணிக்கு அந்தக் காகிதம் எப்படி இருந்திருக்கும்! ஒருவர் சேவைக்குப் போனால் வீட்டில் இருப்பவரும் அதில் பாதியைச் சுமக்கிறார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இந்த வேலையைப் பிறகு சில வருஷங்கள் அரசுத் துறையினர் செய்து வந்தார்கள். 1988-ல் சென்னை மாணவர்கள் சிலர் கூடி 'மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு' என்று ஆரம்பித்தார்கள். அன்று மாணவர்களாக நடந்தவர்கள் இன்று தலை நரைத்தவர்கள். ஆனாலும் பெயரில் 'மாணவர்' அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் புதிய மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். 2002-ல் சுப்ரஜா தாரிணி என்பவர் 'ட்ரீ ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கி, மீனவக் குப்பத்து இளைஞர்களையே ஆமைக்குக் காவலர்களாக ஆக்கினார். கடலை அவர்களை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

2025 ஜனவரி

நான் காலையில் திருவான்மியூர் கடற்கரையில் நடக்கப் போவது வழக்கம். 2025 ஜனவரியில் அந்த நடையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் இரண்டு ஆமைகள் செத்துக் கிடந்தன. மறுநாள் நான்கு. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, வயிறு உப்பி. சில ஆமைகளின் வயிற்றில் முட்டை இருந்ததாம். சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரையிலும் அந்தச் சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பத்திரிகைகளில் எல்லாம் வந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

காரணம் என்ன? ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் நம்மைப் போல் நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விசைப்படகுகள் இழுவலையைக் கடலடியில் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும்போது, வலைக்குள் சிக்கிய ஆமை மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. ஆமை மட்டும் தப்பி வெளியேறும்படி வலையில் பொருத்தும் கருவியும் இருக்கிறது. இருந்தும் இப்படி நடக்கிறது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் கேட்டேன். அவர் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு. "எங்க ஆளு வலையில ஆமை மாட்டுனா, வலைய அறுத்தாவது உட்ருவாரும்மா. வலை போனா போவுது, அந்தப் பாவம் நமக்கு வாணாம்" என்றார். வலை என்றால் சும்மாவா? ஆயிரக்கணக்கில் பணம். தினக்கூலிக்குப் பாடுபடும் வீட்டில் அப்படி ஒரு மனசு! ஆமை பலவகைப் பிராணிகளோடு சொறி மீனையும் தின்னும். அந்தச் சொறி மீனோ, மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்ப்பது. ஆமை இருந்தால்தான் தங்களுக்கும் மீன் என்பது அந்த அம்மாவுக்குப் புத்தகம் படிக்காமலே தெரிந்திருக்கிறது.

ராத்திரியில் பெண்ணை அனுப்புவதா?

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். செத்த ஆமைகளைப் பார்த்த பிறகு, "நானும் ஆமை நடைக்குப் போறேம்மா" என்று பிடிவாதம் பிடித்தாள். நடை ஆரம்பிப்பதே நள்ளிரவுக்குப் பக்கம், முடியும்போது விடியற்காலை. வயசுப் பெண்ணை எந்தத் தாய் அனுப்புவாள்? இவரோ பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நீயும் கூடப் போயேன்" என்றார். போனேன்!

நீலாங்கரையில் கூடினோம். முப்பது பேர் இருக்கும். பாதிக்குப் பாதி பெண்கள். முன்னும் பின்னும் அனுபவப்பட்ட தொண்டர்கள். யாரும் பிரிந்து போகக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடாது, சத்தம் போடக் கூடாது, கருத்த நிறத் துணிதான் உடுத்த வேண்டும். வெளிச்சமோ நடமாட்டமோ தெரிந்தால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும். "ஏழு கிலோமீட்டர், நடந்துருவீங்களா ஆன்ட்டி?" என்றான் ஒரு பையன். நாள் முழுக்கச் சமையலறைக்கும் மாடிக்கும் நடப்பதைக் கணக்குப் போட்டால் அதை விட அதிகம் வரும், தம்பி!

பாலவாக்கம் தாண்டி, கொட்டிவாக்கம் தாண்டினோம். ஒன்றும் இல்லை. கால் மணலில் புதைந்து புதைந்து வலி எடுத்தது. திருவான்மியூர் நெருங்கும்போது முன்னால் போனவர்கள் நின்றுவிட்டார்கள். மணலில் டிராக்டர் டயர் போனது போல் ஒரு தடம் ஏறி, இன்னொரு தடம் கடலுக்குத் திரும்பியிருந்தது. தாய் வந்து போய்விட்டாள். ஒரு பெண், வங்கியில் வேலையாம், மெல்லிய கம்பால் மணலைப் பதமாகத் தொட்டுப் பார்த்தாள். மேல் மணல் இறுகி, அதற்குக் கீழே மெத்தென்று இறங்கினால் அதுதான் குழி. பிறகு குப்புறப் படுத்துக் கையாலேயே தோண்டினாள். முழங்கை தாண்டிக் கை உள்ளே போயிற்று.

ஒவ்வொன்றாக முட்டைகள் வந்தன. பிங்பாங் பந்து அளவு. வெள்ளை வெளேர் என்று. கோழி முட்டை போல ஓடு கெட்டியாக இல்லை, தோல் போல மெத்தென்று இருக்கிறது. எண்ணினார்கள்: 114. துணிப் பையில் அடுக்கி, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். முட்டையிட்டுச் சில மணி நேரம் ஆனதும் உள்ளே இருக்கும் கரு மேல் பக்க ஓட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு உருட்டினாலோ குலுக்கினாலோ கரு செத்துவிடும். ஆகவேதான் அன்று இரவே, ஆடாமல் அசையாமல் கொண்டு போக வேண்டும். கொஞ்ச தூரம் அந்தப் பை என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என் மகளை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எப்படி நடந்தேனோ அப்படி நடந்தேன்.

பெசன்ட் நகர் கரையில் கம்பு நட்டு வேலி கட்டிய ஒரு சின்ன இடம். அதுதான் பொரிப்பகம். தாய் தோண்டியது போலவே, அதே ஆழம், அதே அகலத்தில் குழி தோண்டி, முட்டைகளை வைத்து மூடினார்கள். தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டை நட்டார்கள். விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த வங்கிப் பெண் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "ஒன்பதரைக்கு ஆபீஸ்ல இருக்கணும்" என்று சிரித்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

முட்டைகளை இட்ட இடத்திலேயே விடுவதுதான் இயற்கை. அது இந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் சென்னைக் கரையில் நாயும் நடமாட்டமும் வெளிச்சமும் விடுவதில்லையே!

விளக்கு வம்பு

குஞ்சு பொரிந்து மணலுக்கு மேலே வருவது பெரும்பாலும் இரவில்தான். கடல் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொல்லித் தருவார்கள்? இருட்டில் எந்தப் பக்கம் பளிச்சென்று தெரிகிறதோ அந்தப் பக்கம் ஓடும். ஆதிகாலத்தில் நிலா வெளிச்சமும் நட்சத்திர வெளிச்சமும் பட்டு மின்னும் கடல்தான் பளிச்சென்று இருந்தது. இப்போது தெரு விளக்கும் ஓட்டல் விளக்கும் மாடி விளக்கும் பளிச்சென்று இருக்கின்றன. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுக்கு வந்து, வண்டியில் நசுங்கியும், காக்கைக்கு இரையாகியும், வெயிலில் காய்ந்தும் போகின்றன.

எங்கள் தெருக் கோடியில், கடலைப் பார்த்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் விடிய விடிய ஒரு பெரிய விளக்கு எரியும். நானும் இன்னும் மூன்று பெண்களும் போய்ப் பேசினோம். "திருடன் வந்தா ஆமையா வந்து பிடிக்கும்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான், அவரவர் பயம் அவரவருக்கு. கோபித்துக்கொள்ளாமல் மறுபடி மறுபடி போனோம். முடிவில் ஒரு வழி பிறந்தது. விளக்கைக் கடல் பக்கமிருந்து வாசல் பக்கம் திருப்பி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி தகரத்தில் ஒரு மூடி போட்டார்கள். வாசலும் பத்திரம், கரையும் இருட்டு. தகர மூடிக்கு ஆன செலவு, ஒரு கிலோ நல்லெண்ணெய் விலை கூட இல்லை!

ஏப்ரல் முதல் வாரத்தில், பங்குனி உத்திரத்துக்கு முன்னதாக, எங்கள் குழி பொரிந்துவிட்டது என்று தகவல் வந்தது. மாலையில் போனோம். 114-ல் 91 குஞ்சுகள். உள்ளங்கையில் பாதி கூட இல்லை, கரிய நிறம். தண்ணீரில் கொண்டுபோய் விடாமல் ஈர மணலில் விட்டார்கள். தானே நடந்து போனால்தான் பிறந்த மண்ணின் அடையாளம் அதன் மனசில் பதியும் என்று நம்புகிறார்கள். ஒரு அலை வந்து உருட்டித் தள்ளும். மறுபடி எழுந்து ஓடும். ஆயிரம் குஞ்சுக்கு ஒன்றுதான் வளர்ந்து தாயாகும் என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் 91-ல் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். "தெரிஞ்சும் ஏன் செய்யறீங்க?" என்று அந்த வங்கிப் பெண்ணிடம் கேட்டேன். "அதனாலதான் ஆன்ட்டி ஒவ்வொரு குழியும் முக்கியம்" என்றாள்.

நாம் செய்யக் கூடியவை

எல்லாராலும் இரவில் நடக்க முடியாது. கைக்குழந்தை இருக்கும், வயதானவர்கள் இருப்பார்கள். ஆனாலும் கரையோர ஊர்களில் இருக்கும் சகோதரிகள் வீட்டிலிருந்தே செய்யக் கூடியது நிறைய உண்டு.

விளக்கு: ஜனவரி முதல் மே வரை, கடலைப் பார்த்த மாடி, பால்கனி விளக்குகளை இரவு பதினொரு மணிக்குமேல் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாது என்றால் மூடி போட்டுத் தரைப்பக்கம் திருப்புங்கள். கடல் பக்க ஜன்னலுக்குத் திரை போடுங்கள்.

பை: தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஆமைக்குச் சொறி மீன் போலவே தெரியும். விழுங்கினால் குடல் அடைத்துச் சாகும். தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை உண்டு. சந்தைக்குப் போகும்போது பழைய மஞ்சப்பையை மறக்காதீர்கள்.

கடற்கரைக்குப் போனால்: சுண்டல் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் உங்களுடனே திரும்பி வரட்டும். மிஞ்சிய சாப்பாட்டை மணலில் போட்டால் நாய்கள் சேரும்; அவைதான் குழியைத் தோண்டும்.

ஆமையைப் பார்த்தால்: கூட்டம் கூடாமல் தள்ளி நில்லுங்கள். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் குஞ்சைக் கையில் எடுக்க விடாதீர்கள். முட்டையை எடுப்பதும் ஆமையைத் துன்புறுத்துவதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செத்ததோ உயிரோடோ ஆமை கரையில் கிடந்தால் வனத்துறைக்கோ அருகில் உள்ள தொண்டர்களுக்கோ சொல்லுங்கள்.

பிள்ளைகள்: மகனோ மகளோ இப்படி ஒரு தொண்டுக்குப் போகிறேன் என்று கேட்டால், உடனே "வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். யார் நடத்துகிறார்கள், எத்தனை பேர் போகிறார்கள், வனத்துறை அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். முடிந்தால் ஒரு முறை நீங்களும் கூடப் போய் வாருங்கள். ஃபிளாஸ்க்கில் காப்பி எடுத்துப் போக மறக்க வேண்டாம். நடுநிசிக்கு மேல் கடற்காற்று நன்றாகவே குளிரும்!